மழைக்காலம் வருகிறது, மழலையர் பள்ளிப் பெற்றோர்களே

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு வகுப்பெடுக்கிறேன். பருவம் மாறும்போதெல்லாம் பெற்றோரிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: காய்ச்சல் மருந்து கொடுத்து, சூடு இறங்கியதும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடாதீர்கள். மருந்து இல்லாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும். விடுப்பு கிடைக்காத உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் மருந்தின் வேகம் மதியத்துக்குள் அடங்கிவிடும், அதற்குள் வகுப்புப் பொம்மைகள் எத்தனையோ கை மாறியிருக்கும்.

கை, கால், வாயில் கொப்புளம் தெரிந்தால் தயங்காமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானாகவே ஆறிவிடும். வாய்ப்புண் வலியில் பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்க மறுப்பதுதான் பெரிய கவலை. சிறுநீர் குறைந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு பரப்பும் நோரோவைரஸிடம் சானிடைசர் அவ்வளவாகப் பலிக்காது. சோப்புப் போட்டு 20 விநாடி கழுவ வேண்டும்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. முழுக்கைச் சட்டை போட்டு அனுப்புங்கள். வாளியில் தண்ணீர் பிடித்துவைக்கும் வீடுகளில் மூடி கட்டாயம். சில அங்குலத் தண்ணீரிலும் சிறு குழந்தை சத்தமில்லாமல் மூழ்கிவிடும்.

வகுப்பில் இப்போது மிதப்பது எது, மூழ்குவது எது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். வீட்டிலும் ஒரு இலை, ஒரு கல், ஒரு மூடி எடுத்து விளையாடுங்கள். போடுவதற்கு முன்பே “என்ன ஆகும்?” என்று கேளுங்கள். பதிலை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.