தெற்கத்தி ரஷ் வாரமும் நியூ ஜெர்சி மதிப்பெண் சான்றும்

தென் மாநிலம் ஒன்றின் பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த என் மகள், ‘ரஷ்’ எனப்படும் ஆகஸ்ட் மாத சொராரிட்டி (மாணவியர் சங்கம்) உறுப்பினர் தேர்வு வாரத்தைக் கடந்து, இப்போது ஒரு சாப்டரில், அதாவது அப்படியொரு சங்கத்தின் வளாகக் கிளையில், உறுப்பினராக இருக்கிறாள். சுற்றுகள் எத்தனை, விருப்ப வரிசையை எப்படிக் கொடுப்பது, பிட் எனும் சேர்க்கை அழைப்பு எப்போது வரும் என்பதையெல்லாம் இந்தச் சங்கங்களின் கூட்டமைப்பான பான்ஹெலனிக்கின் கையேடு தெளிவாகவே சொல்லிவிடுகிறது. அவற்றை நான் மறுபடி விளக்கப்போவதில்லை. அந்த வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லாமலே தெரிந்திருக்கும் விஷயங்கள்தாம் எங்களை அலைக்கழித்தன. நியூ ஜெர்சியில் எங்கள் பகுதியிலிருந்து மேலும் சில குடும்பங்கள் பெண்ணைத் தெற்கே அனுப்ப யோசித்து வருவதால், பட்ட சிரமம் மனத்தில் ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன்.

முதல் சிக்கல் மதிப்பெண் சான்றில் வந்தது. பள்ளி இறுதியாண்டு மதிப்பெண் சராசரியைக் காட்டும் சான்றை ஜூன் நடுவுக்குள் அனுப்ப வேண்டும் என்று பதிவுப் படிவம் கேட்டது. தெற்கே பெரும்பாலான பள்ளிகள் மே மாதக் கடைசியில் முடிந்துவிடுகின்றன. ஆகையால் அந்தத் தேதி அங்குள்ளவர்களுக்குத் தாராளமானது. நியூ ஜெர்சியிலோ ஜூன் மூன்றாவது வாரத்திலும் வகுப்பு நடக்கிறது, அதன் பிறகுதான் இறுதி மதிப்பெண்ணே பதிவாகிறது. நான் பள்ளி அலுவலகத்தில் விவரம் சொல்லித் தற்காலிகச் சான்று கேட்டபோது, கல்லூரிச் சேர்க்கைக்குத்தான் சான்று அனுப்புவோம், இப்படியொரு தேவைக்கு யாரும் கேட்டதில்லை என்று சொல்லிவிட்டார்கள். பல்கலைக்கழகத் தரப்பில் தொலைபேசியை எடுத்த பெண்மணி, “எங்கள் பக்கத்துப் பள்ளிகள் எல்லாம் எப்போதோ அனுப்பிவிட்டனவே” என்றார். வட மாநிலப் பள்ளிகளின் நாட்காட்டி வேறு என்பதை நான் எவ்வளவு விளக்கியும், தேதி தேதிதான் என்ற பதிலே வந்தது. கடைசியில், மகளின் ஆலோசனை ஆசிரியை விடுப்பில் போவதற்கு முன்பாகப் பள்ளியின் பெயர் அச்சிட்ட முகப்புத் தாளில் மூன்றாம் காலாண்டு வரையிலான சராசரியை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்த கடிதத்தை ஏற்றுக்கொண்டார்கள். அப்படியொரு கடிதத்தை ஏற்பார்கள் என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் எங்கள் உறக்கம் கெட்டிருக்காது. ஆகவே அந்தக் கடிதத்தை மார்ச், ஏப்ரலிலேயே வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சிக்கல், சங்கத்தின் முன்னாள் உறுப்பினர் ஒருவர் பெண்ணுக்காக எழுதித் தரும் பரிந்துரைக் கடிதம். 2020, 2021 வாக்கில் பல தேசியச் சங்கங்கள் பரிந்துரைக் கடிதம் கட்டாயமில்லை என்று அறிவித்தன; தாயோ பாட்டியோ உறுப்பினராக இருந்த பெண்களுக்குக் காட்டிய முன்னுரிமையையும் பல சங்கங்கள் கைவிட்டன. அதை அப்படியே நம்பிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். தெற்கத்திச் சிறு நகரங்களில் முன்னாள் உறுப்பினர்கள் கூடி, பள்ளி இறுதியாண்டுப் பெண்களுக்கு வசந்த காலத்திலேயே அறிமுகக் கூட்டம் நடத்துகிறார்கள். புகைப்படமும் தன்விவரமும் சேர்த்த உறைகள் குடும்ப நண்பர்களிடமும் தேவாலயத்து அன்பர்களிடமும் போய்ச் சேர்கின்றன. கடிதம் கட்டாயமா இல்லையா என்பதைவிட, ஆகஸ்டில் அந்தப் பெண் படியேறும்போது உள்ளே இருப்பவர்களுக்கு அவள் பெயர் ஏற்கெனவே தெரிந்திருக்கிறதா என்பதுதான் அங்கே பெரிய விஷயம். எங்கள் பக்கத்தில் ஒரு முன்னாள் உறுப்பினரைத் தேடிப் பிடித்து, அவர் நேரில் வரச் சொன்னதால் விடுமுறை எடுத்துக்கொண்டு பென்சில்வேனியா வரை காரில் போனோம். தேநீர் கொடுத்து உட்கார வைத்த பிறகு, பல ஆண்டுகள் பழகாத பெண்ணுக்குத் தாம் எழுதுவதில்லை என்றார். அதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். மகள் திரும்பி வரும் வழியெல்லாம் பேசவில்லை. எனக்கு இன்னும் அந்த வருத்தம் போகவில்லை. பிறகு என் அலுவலகத்தில் ஜார்ஜியாவில் படித்த ஒருவர், கேட்ட அன்றே மனமுவந்து எழுதிக் கொடுத்தார். வெளியே அலைவதற்கு முன் உடன் வேலை பார்ப்பவர்களையும், பிள்ளைகளின் மருத்துவர், ஆசிரியர் போன்றவர்களையும் விசாரியுங்கள்.

இது எல்லா ஊரிலும் இப்படி இல்லை. தேசிய பான்ஹெலனிக் மாநாட்டின் 26 சங்கங்களுக்கும் பொதுவான விதிகள் இருந்தபோதிலும், அவற்றுக்குக் கிடைக்கும் பொருள் இடத்துக்கு இடம் மாறுகிறது. மத்திய மேற்கில் படிக்கும் என் அண்ணன் மகளிடம் பரிந்துரைக் கடிதம் பற்றி யாருமே பேசவில்லை. அங்கே இரண்டாம் ஆண்டில் சாப்டர் வீட்டில் கட்டாயம் தங்க வேண்டியிருக்கும் என்பதால், வீட்டில் எத்தனை கட்டில், வாடகை எவ்வளவு என்பதே பேச்சாக இருந்தது. வடகிழக்கில் பல பல்கலைக்கழகங்கள் ஜனவரியில்தான் இந்த உறுப்பினர் தேர்வை நடத்துகின்றன. அதற்குள் ஒரு பருவம் முடிந்து, பெண்கள் ஒருவரையொருவர் விடுதியில் அறிந்துவிடுகிறார்கள், கேட்கப்படுவதும் கல்லூரி மதிப்பெண்தான். தெற்கில் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடுவதால், பழகிப் பார்த்து அறிய வாய்ப்பே இல்லை. வீட்டுப் பெயரும் சொந்த ஊரும் பெண்ணுக்கு முன்னால் போய் நிற்கின்றன.

அங்கே இந்தச் சங்கங்களின் வேர் அவ்வளவு ஆழம். ஆல்ஃபா டெல்டா பை 1851இலும் ஃபை மூ 1852இலும் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் இருந்த வெஸ்லியன் கல்லூரியில் தொடங்கியவை. கை ஒமேகா 1895இல் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பாட்டி, தாய், மகள் என்று ஒரே சாப்டரில் தொடரும் குடும்பங்கள் இருக்கும் ஊரில், ஆகஸ்ட் மாத அந்த வாரம் பல்கலைக்கழக நிகழ்ச்சியாக மட்டும் நிற்காமல் ஊரின் நிகழ்ச்சியாகவே ஆகிவிடுகிறது. அலபாமா பல்கலைக்கழகத்தில் அண்மை ஆண்டுகளில் 2,500 பெண்கள் அளவுக்கு இதில் கலந்துகொள்கிறார்கள். 2021இல் அவர்களுடைய டிக்டாக் காணொளிகள் உலகமெங்கும் பரவிய பிறகுதான் வெளியில் இருந்த பலருக்கு இதன் அளவு புரிந்தது.

எங்கள் நிறம் குறித்த கவலை எனக்கு இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. அதே அலபாமாவில், சாப்டர்களில் இருந்த மாணவியர் சிலர் விரும்பியும், முன்னாள் உறுப்பினர்களின் தலையீட்டால் ஒரு கறுப்பின மாணவிக்கு பிட் மறுக்கப்பட்டதாக 2013இல் மாணவர் செய்தித்தாளான ‘தி கிரிம்சன் ஒயிட்’ வெளிப்படுத்தியது. அதன் பிறகே நிர்வாகம் தலையிட்டு மீண்டும் சேர்க்கையைத் திறந்தது, கறுப்பினப் பெண்கள் சிலர் பிட் பெற்றார்கள். கறுப்பினப் பெண்கள் 1908இலேயே ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவைத் தொடங்கித் தமக்கென வலுவான மரபை உருவாக்கிக்கொண்டதன் பின்னணி இத்தகைய ஒதுக்கல்தான். தெற்காசியப் பெண்களுக்கான சங்கங்களில் டெல்டா ஃபை ஒமேகா, கப்பா ஃபை காமா இரண்டும் 1998இல் டெக்சஸில் பிறந்தன. அவற்றின் சேர்க்கை தனி வழியில், வேறு காலத்தில் நடக்கும். ஆகஸ்ட் வாரம் கைகூடாவிட்டாலும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது என்பதை மகளிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். அது அவளுக்குத் தெம்பாக இருந்தது.

விடுதிக்கு முன்கூட்டியே வந்து சேர அனுமதி வாங்கியது இன்னொரு அலைச்சல். பான்ஹெலனிக் பதிவுப் பட்டியல் வரவில்லை என்று விடுதி அலுவலகமும், அனுப்பியாயிற்று என்று பான்ஹெலனிக் அலுவலகமும் மாறி மாறிச் சொன்னார்கள். இருவரையும் ஒரே மின்னஞ்சலில் சேர்த்து, பதிவு ரசீதையும் இணைத்து எழுதிய பிறகு பிற்பகலுக்குள் அனுமதி வந்தது. தனித்தனியாகத் தொலைபேசியில் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள்.

முதல் சுற்று நன்றாகவே போனது. இரண்டாம் சுற்றுக்கான அழைப்புகள் காலையில் செயலியில் வந்தபோது, அவளுக்குப் பிடித்திருந்த வீடுகள், அதாவது சாப்டர்கள், பெரும்பாலும் காணாமற்போயிருந்தன. “அம்மா, நான் என்ன தப்பாப் பேசினேன்?” என்று அழுதாள். அவள் எதையும் தவறாகப் பேசவில்லை. ஒரு சாப்டர் ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை பேரை மறுபடி அழைக்கலாம் என்பதை, முந்தைய ஆண்டுகளில் அழைக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்ற கணக்கை வைத்தே தீர்மானிக்கிறார்கள். கிராக்கி மிகுந்த சாப்டர்கள் தொடக்கத்திலேயே நிறையப் பேரை விடுவித்தாக வேண்டும். சில நிமிட உரையாடலை மட்டும் வைத்து அவ்வளவு பேரை விலக்க வேண்டிய நிலையில், முன்பே கேள்விப்பட்ட பெயர்கள் தங்கிவிடுகின்றன, கேள்விப்படாத பெயர்கள் போய்விடுகின்றன. இந்தக் கணக்கைப் பெண்ணுக்கு முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். அன்று காலை நான் அதை விளக்க முயன்றபோது கேட்கும் நிலையில் அவள் இல்லை.

உரையாடல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மதம், அரசியல், பணம், ஆண் நண்பர்கள், மது ஆகியவற்றைப் பேச வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லி வைக்கிறார்கள். ஆனால் எந்தத் தேவாலயம் என்று கேட்பது அந்த ஊரில் நலம் விசாரிப்பதைப் போன்றது, அவளிடமும் கேட்டார்கள். எங்கள் குடும்பம் கோயிலுக்குப் போகும் என்று இயல்பாகச் சொல்லிவிட்டு, உள்ளூர் அவசர மருத்துவ உதவிக் குழுவில் பள்ளி நாட்களில் தொண்டு செய்ததைப் பற்றி அவள் பேச்சைத் திருப்பினாள். எங்கள் மாநிலத்தில் பதின்வயதினர் அப்படிச் சேர்வது சாதாரணம். அங்கே அதைக் கேட்டவர்கள் வியந்து, மேலும் மேலும் கேட்டார்களாம். இறுதிச் சுற்றுக்கு அழைத்த இரண்டு சாப்டர்களுமே அந்தப் பேச்சை நினைவில் வைத்திருந்தன.

இறுதிச் சுற்று முடிந்ததும் கையொப்பமிடும் ஒப்பந்தத்தை நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள். அதில் குறிப்பிட்ட சாப்டரிலிருந்து பிட் வந்து, அதை மறுத்தால், அந்த வளாகத்தில் அடுத்த முதன்மை உறுப்பினர் தேர்வு வரை வேறெந்தச் சாப்டரிலும் சேர முடியாது. ஒரே சாப்டரை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விடுவதும் ஆபத்து. அழைத்த இடத்துக்கெல்லாம் கடைசி வரை போய், இறுதியில் எல்லாவற்றையும் வரிசைப்படுத்துகிறவர்களுக்குப் பெரும்பாலும் இடம் கிடைத்துவிடுகிறது. மகள் இரண்டையும் எழுதினாள். அவளுடைய முதல் விருப்பமே வந்தது. அந்தச் சாப்டரின் பெயரை நாங்கள் ஜூலை வரை கேள்விப்பட்டதுகூட இல்லை.

பணத்தை மறந்துவிடாதீர்கள். தெற்கின் பெரிய வீடுகளில் புது உறுப்பினருக்கு ஒரு பருவத்துக்கு 4,000 டாலரைத் தாண்டும் சாப்டர்கள் உண்டு. அதில் சாப்பாடு சேர்ந்திருந்தால், பல்கலைக்கழக உணவுத் திட்டத்தைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று உடனே கேளுங்கள். எங்களுக்கு அதற்கான கெடு முடிந்துவிட்டது என்று முதலில் மறுத்தார்கள். பிட் கிடைத்த தேதியைக் காட்டி எழுதியதும் சிறிய திட்டத்துக்கு மாற்றித் தந்தார்கள்.

எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண் அடுத்த ஆகஸ்டில் தெற்கே போகிறாள். அவள் அம்மா போன வாரம் வந்து, “அக்கா, முதல்ல என்ன செய்யணும்?” என்று கேட்டார். பள்ளியின் முகப்புத் தாளில் கடிதம் கேட்டு அன்றைக்கே மின்னஞ்சல் எழுத வைத்தேன். வசந்த காலத்துக்குள் தயாராக இருக்கும் என்று ஆலோசனை ஆசிரியை பதில் அனுப்பியிருக்கிறார்.