4130-க்கு ராமானுஜன் என்று பெயர்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் முழுக்கச் செம்பனைதான். நான் சின்னவளாக இருந்தபோது, அப்பா விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கிளம்புவார். நானும் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பேன். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

நேற்று மகளுக்கு 4130 என்ற சிறுகோளைக் கதையாகச் சொன்னேன். 1988 பிப்ரவரி 17 அன்று தமிழ்நாட்டுக் காவலூர் வானாய்வகத்தில் கண்டுபிடித்தது. நம் கணித மேதை ராமானுஜன் பெயர்! நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும்.

கண்டவுடன் பெயர் வைத்துவிட முடியாது. முதலில் தற்காலிகக் குறியீடுதான்: ஆண்டு, அப்புறம் மாதத்தின் எந்தப் பாதி என்று காட்டும் எழுத்து. பிப்ரவரி பின்பாதிக்கு 'டி'. பிறகு அது நகரும் இடத்தை இரவு இரவாக அளக்க வேண்டும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே அது சூரியனைச் சுற்றும் பாதை உறுதியானால்தான் நிரந்தர எண். பெயர் அதற்கும் பிறகு. முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கு 10 ஆண்டுகள் உண்டு.

"நம்ம வீட்ல பேருதான் முதல்ல," என்றார் அம்மா.

வெறும் கண்ணுக்கு அது தெரியாது. ஆனாலும் மகள், "எந்தப் பக்கம்மா?" என்றாள். பகலில் சூரியன் போகும் பாதையை ஒட்டி, செம்பனை ஓலைகளுக்கு மேலே கையைக் காட்டினேன்.