வலப்பக்க டயர் மட்டும் பெருசு

வெள்ளவத்தையில மாமா அலுமாரிக்கு மேல இருந்து இறக்கிக் காட்டினார், அமெரிக்காவில அவர் ஓட்டின ஓவல் ஆர்சி கார், அதாவது முட்டை வடிவ ட்ராக்கில ரிமோட்டால ஓட்டுற சின்ன ரேஸ் கார்.

பின்னுக்கு வலப்பக்க டயர் இடப்பக்கத்தவிட கொஞ்சம் பெருசு. பிழை இல்லையாம், ஓவல்ல இடப்பக்கம் மட்டும்தானே திருப்புறது, அதுக்காக வேணுமெண்டே அப்பிடி போடுறது, காரே தானா வளைவுக்குள்ள இழுக்கும். என்ன நுணுக்கம் பாருங்கோ!

அப்ப நிக்காட் (நிக்கல்-கட்மியம்) பேட்டரி, 4 நிமிஷ ரேஸ், சார்ஜ் முடியாம ஓட்டுறதே ஒரு திறமை.

பிறகு பிரஷ்லெஸ் (உள்ளுக்க பிரஷ் இல்லாத) மோட்டரும் லைப்போ (லித்தியம் பொலிமர்) பேட்டரியும் வந்து வேகம் எங்கயோ போயிட்டுது, புதுசா வாற பொடியன் சுவரில ஒருக்கா அடிச்சா பார்ட்ஸுக்கே காசு கரையும், அவன் திரும்ப வாறதில்ல, ஆள் குறைய ட்ராக்கும் ஒவ்வொண்டா மூடிட்டாங்கள். எனக்கு உண்மையாவே கவலையா கிடக்கு.

கொழும்பில ஆரும் ஆர்சி கார் வச்சிருந்தா சொல்லுங்கோ, மாமா செட்டப் சொல்லித்தர ரெடி.