என் டொல்பின் வானுக்குச் சைரன் பூட்டியதும் கழற்றியதும்

என்னிடம் இருப்பது பழைய டொல்பின் வான். நெல்மூடை, உரப்பை, கலியாண வீட்டுக் கதிரை, செத்தவீட்டுப் பந்தலுக்கான தகரம் என்று எதையும் ஏற்றுகின்ற வாகனம் அது. ஆனால், முல்லைத்தீவு மாவட்டத்தில் முத்தையன்கட்டு வாய்க்கால் கரையோரமாக உள்ளே போகின்ற எங்கள் ஒழுங்கையில் இரவு பத்து மணிக்குப் பிறகு யாராவது வந்து என் படலையைத் தட்டினால், அது நெல் ஏற்றுவதற்காக இருப்பதில்லை. பிள்ளைப்பேற்று வலி, பாம்புக்கடி, வயதானவருக்கு நெஞ்சுநோ என்று ஏதாவது ஒன்றாகவே இருக்கும். 2016ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கப்பட்ட 1990 இலவச அம்புலன்ஸ் சேவை 2018ஆம் ஆண்டில் வட மாகாணத்துக்கும் வந்த பிறகு என் வானுக்கு இந்த வேலை பெருமளவு குறைந்துவிட்டது. என்றாலும், மாரியில் மண் ஒழுங்கை சேறாகிக் கிடக்கும் நாட்களில் நோயாளியைத் தார் வீதிவரை கொண்டுவந்து சேர்க்க ஊருக்குள் ஒரு வாகனம் வேண்டியிருக்கிறது. சில இரவுகளில், ஏற்றியதும் ஏற்றியாயிற்று என்று நானே மாஞ்சோலையில் உள்ள மாவட்ட வைத்தியசாலைவரை ஓடிவிடுவதும் உண்டு.

விடுமுறையில் வந்திருந்த என் மைத்துனர் அப்படியான ஓர் இரவில் என்னோடு கூட வந்தார். அவர் வசிக்கும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் தொண்டர் தீயணைப்பு வீரர்கள் தங்கள் சொந்தக் காரில் பச்சை நிற மின்னும் விளக்கைப் பூட்டிக்கொண்டு ஓடுவார்கள் என்றும், அதைக் கண்டதும் மற்றவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள் என்றும் அவர் திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் போய் ஐந்து மாதம் கழித்து வந்த கப்பல் பெட்டியில், சப்பாத்துகளுக்கும் பால்மாவுக்கும் அடியில், நான்கு அடி நீளமான விளக்குச் சட்டமும் 100 வாற் சைரன் பெட்டியும் அதற்குரிய ஒலிபெருக்கியும் கம்பளியால் சுற்றப்பட்டிருந்தன. விளக்கு பச்சை அல்ல, சிவப்பும் நீலமும். ஏன் என்று தொலைபேசியில் கேட்டேன். அதுதான் மலிவாகக் கிடைத்தது என்றார்.

முதலில் நான் போக வேண்டிய இடம் பொலிஸ் நிலையம். ஆனால் நான் போனது கராச்சுக்கு.

அங்கிருந்த இளைஞர் ஒரு மணித்தியாலத்தில் வேலையை முடித்துத் தந்தார். சிகரெட் லைற்றருக்குப் போகும் வயரிலேயே இரண்டையும் தொடுத்திருந்தார். சுவிட்சைப் போட்டதும் சைரன் ஒருமுறை முனகியது. பிறகு றேடியோவும் சேர்ந்து அணைந்தது. நூறு வாற் சைரனை 12 வோல்ற் பற்றரியில் ஓட்டினால் அது 8 அம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும்; விளக்குச் சட்டம் இன்னொரு ஆறு; அதே வயரில் இருந்த மற்றவையும் சேர்ந்து 15 அம்பியர் பியூசை எரித்துவிட்டன. அவர் சிரித்தபடி அதைக் கழற்றி எறிந்துவிட்டு 30 அம்பியர் பியூஸ் ஒன்றைச் செருகினார். எல்லாம் வேலை செய்தது. வீட்டுக்கு வருவதற்குள் டாஷ்போட்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கருகும் மணமும் வந்தது.

மறுநாள் மாங்குளத்தில் உள்ள ஒரு வயதான வயரிங்காரரிடம் வானைக் கொண்டுபோனேன். டாஷ்போட்டைக் கழற்றி, உருகி ஒட்டியிருந்த வயரை இழுத்து என் கையில் தந்துவிட்டு, "பியூஸ் காக்கிறது லைற்றை இல்லைத் தம்பி, வயரை. மெல்லிய வயருக்குப் பெரிய பியூஸ் போட்டால் வயர்தான் பியூஸ்" என்றார். அன்றும் அடுத்த நாள் மத்தியானம்வரையும் அவர் செய்த வேலையை, எந்த மேலதிக விளக்கைப் பூட்டுபவருக்கும் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பற்றரியின் நேர்முனையிலிருந்து 4 சதுர மில்லிமீற்றர் தடிப்பான தனி வயர் ஒன்றை எடுத்து, முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே 20 அம்பியர் பியூசை வைத்தார். பியூஸ் தூரத்தில் இருந்தால், அதற்கு முன்னுள்ள வயர் எங்காவது உரசி வானின் தகட்டில் பட்டுவிடும்போது தடுக்க எதுவும் இருக்காது. தகட்டைத் துளைத்து வயரை உள்ளே எடுத்த இடத்தில் றப்பர் வளையம் போட்டார். சைரனுக்கும் விளக்குக்கும் தனித்தனி றிலே, அதாவது சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். றிலேயின் 30ஆம் இலக்கக் காலுக்குப் பற்றரியிலிருந்து வரும் வயர், 87க்கு விளக்குக்கோ சைரனுக்கோ போகும் வயர், 86க்குச் சுவிட்சிலிருந்து வருவது, 85க்கு ஏர்த், அதாவது வானின் தகட்டோடு சேரும் வயர். இப்படிச் செய்யும்போது சாரதியின் கைக்கருகில் இருக்கும் சுவிட்சில் சிறிதளவு மின்னோட்டமே ஓடும். கனத்த சுமையை றிலே தாங்கிக்கொள்ளும். ஏர்த் பூட்டும் இடத்தில் பெயின்ற்றையும் துருவையும் தகடு மின்னும்வரை அரத்தாள் போட்டுத் தேய்த்தார். சைரன் அடைத்த குரலில் ஒலிப்பதற்கும் விளக்கு மங்குவதற்கும் பெரும்பாலும் கெட்ட ஏர்த்தே காரணம் என்பது அவருடைய நாற்பது வருட அனுபவம். ஒலிபெருக்கியைக் கூரையில் வைக்கவும் அவர் விடவில்லை. தலைக்கு மேல் அலறினால் வானுக்குள் இருப்பவரின் காது போய்விடும், ஒலி முன்னால்தான் போக வேண்டும் என்று சொல்லி, பம்பருக்குப் பின்னால் முன்னோக்கிப் பூட்டினார்.

வேலை முடிந்து காசு கொடுக்கும்போதுதான் அவர் கேட்டார்: "இதுக்குக் கடிதம் இருக்கோ தம்பி?" எடுக்கலாம் ஐயா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று மாலை முற்றத்தில் வைத்து ஒருமுறை ஒலிக்கவிட்டுப் பார்த்தேன். இரண்டு நிமிடத்துக்குள் அயலவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் என் படலையடியில் நின்றார்கள். ஒரு பெரியம்மா சமைத்த கையோடு அகப்பையுடன் ஓடி வந்திருந்தார். "ஆருக்கு என்ன?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். ஒருவருக்கும் ஒன்றுமில்லை, புதுச் சைரன் என்று சொன்னபோது அந்தப் பெரியம்மா பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அடுத்த கிழமை, காலபோக அறுவடைக் காலத்தில், வயலில் சூடு அடித்துக்கொண்டிருந்த ஒருவரைப் புடையன் பாம்பு கடித்துவிட்டது. ஏற்றிக்கொண்டு ஒட்டுசுட்டானைத் தாண்டி, மாங்குளம் முல்லைத்தீவு ஏ34 வீதியில் முள்ளியவளைப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தேன். விளக்கும் சைரனும் எரிந்து அலறிக்கொண்டிருந்தன. எனக்கும், உண்மையைச் சொன்னால், உள்ளூர ஒரு பெருமை இருந்தது. ஒரு வளைவுக்கு அப்பால் மாடுகள். பகல் வெயிலில் காய்ந்த தார் இரவில் சூடாக இருப்பதால், கட்டாக்காலி மாடுகள் வீதி நடுவில் படுத்து அசைபோடுவது வன்னியில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரிந்த காட்சி. சைரன் கேட்டதும் அவை எழுந்தன, ஆனால் விலகவில்லை. எல்லாம் தலையைத் தூக்கி வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஒரு கன்று வெருண்டு குறுக்கே பாய, தாய் அதன் பின்னால் பாய, நான் பிடித்த பிரேக்கில் கடிபட்டவர் ஆசனத்திலிருந்து சரிந்து கீழே விழுந்தார். சைரனை நிறுத்தி, விளக்கையும் நிறுத்தி, கூட வந்த பெடியன் இறங்கி ஒரு தடியோடு "ஹேய், ஹேய்" என்று கலைத்த பிறகே வழி கிடைத்தது. சத்தம் போடாமல் வந்திருந்தால் இதில் பாதி நேரம்கூட ஆகியிருக்காது. அதற்கப்பால் முன்னே போன டிப்பர் ஒன்று, இடப்பக்கம் ஒதுங்குவதற்குப் பதிலாக நடுவீதியிலேயே பிரேக் பிடித்து நின்றது.

அடுத்த சோதனைச்சாவடியில் மறித்தார்கள். உத்தியோகத்தர் ரோச் அடித்து உள்ளே பார்த்தார். நோயாளியைக் கண்டதும் ஒரு கணமும் தாமதிக்காமல் போகச் சொன்னார். போகும்போது என் இலக்கத்தை எழுதிக்கொண்டு, காலையில் வாகனப் புத்தகத்தோடு நிலையத்துக்கு வரும்படியும் சொன்னார். கடிபட்டவர் ஒன்பது நாள் வைத்தியசாலையில் இருந்து நலமாக வீடு திரும்பினார். அதற்குக் காரணம் விஷமுறிவு மருந்தும் தாதியரும். என் சைரனுக்கு அதில் பங்கில்லை.

நிலையப் பொறுப்பதிகாரி சிங்களவர். நல்ல தமிழ் பேசினார். புத்தகத்தை விரித்து, வாகன வகை 'டுவல் பர்ப்பஸ்' (ஆளும் சாமானும் ஏற்றுவது) என்று இருந்த இடத்தில் விரலை வைத்தார். சிவப்பு, நீல மின்னும் விளக்குகளும் சைரனும் அம்புலன்ஸ், தீயணைப்பு, பொலிஸ் போன்ற வாகனங்களுக்கு உரியவை என்றும், சொந்த வாகனத்தில் அவற்றைப் பூட்டி ஓடுவது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வழக்குக்கு உரியது என்றும் விளங்கப்படுத்தினார். "உதவிதானே சேர் செய்யிறன்" என்றேன். "உதவிதான் ஐயா. ஆனா நாளைக்குக் களவா முதிரை மரம் ஏத்துறவனும் இதையே பூட்டிக்கொண்டு வருவான். நாங்க வழி விடுறதா, மறிக்கிறதா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை, இன்றும் இல்லை. ஒரு கிழமைக்குள் கழற்றிவிட்டு வானைக் கொண்டுவந்து காட்டும்படி சொல்லி, வழக்கு எழுதாமல் விட்டார்.

அப்போதும் நான் முழுதாக மனம் விடவில்லை. மாவட்டச் செயலகத்தில் உள்ள மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்கள அலுவலகத்துக்குப் போய், வானை அம்புலன்ஸ் என்று வகை மாற்ற முடியுமா என்று விசாரித்தேன். அங்கிருந்த பெண் உத்தியோகத்தர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: அப்படி மாற்றினால் அதன் பிறகு நெல் எதில் ஏற்றுவீர்கள்? காப்புறுதி முகவரிடமும் கேட்டேன். அறிவிக்காமல் மேலதிக வயரிங் செய்த வாகனம் தீப்பிடித்தாலோ மோதினாலோ இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அதுவே முதல் கேள்வியாக வரும் என்றார். உருகிய அந்த வயரை நினைத்துக்கொண்டேன்.

வைத்தியசாலை அம்புலன்ஸ் சாரதியாக நீண்டகாலம் இருந்து ஓய்வுபெற்ற சித்தப்பா ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். இதையெல்லாம் அவரிடம் போய்க் கொட்டினேன். சைரன் வழி கேட்கும், வழி எடுத்துத் தராது என்றார். தூரம் இரட்டிக்கும்போது ஒலி ஆறு டெசிபெல் குறைந்துகொண்டே போகும்; கண்ணாடியை மூடி ஏசியும் பாட்டும் போட்டுக்கொண்டு ஓடுபவருக்கு ஐம்பது மீற்றருக்குள் வந்த பிறகே கேட்கிறது என்று வைத்தால், மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டிக்கு அது மூன்று செக்கன் தூரம். அந்த மூன்று செக்கனில் அவர் பயந்து பிரேக் பிடிப்பாரா, வலப்பக்கம் வெட்டுவாரா என்று யாருக்கும் தெரியாது. அதனால் தாம் சைரன் அடித்தபோதெல்லாம் வேகத்தைக் குறைத்தே ஓடியதாகச் சொன்னார்.

மைத்துனர் சொன்ன பச்சை விளக்கைப் பற்றியும் பிறகு தேடிப் படித்தேன். ஒன்ராறியோவில் அந்த விளக்கு எரிந்தால் மற்றவர்கள் விலகுவது மரியாதைக்காகவே. சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. அந்த விளக்கு வீதி விதிகளிலிருந்து ஓட்டுபவருக்கு விலக்கும் தருவதில்லை. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் தொண்டர் தீயணைப்பு வீரருக்கு நீலம், தொண்டர் அம்புலன்ஸ் பணியாளருக்குப் பச்சை. அங்கேயும் நிறம் ஆளுக்கும் வேலைக்கும் கொடுக்கப்படுகிறதே தவிர, விரும்பியவர் விரும்பியதை எடுத்துப் பூட்டுவதில்லை.

ஐந்தாம் நாள் மாங்குளம் போய் எல்லாவற்றையும் கழற்றினேன். வயரிங்கார ஐயா ஒன்றும் கேட்கவில்லை. கழற்று கூலியும் வாங்கவில்லை. இழுத்த வயரை வீணாக்காமல், வானுக்குள் பின்னாசனத்துக்கு மேல் ஒரு வெள்ளை விளக்கை அதில் தொடுத்து, பியூசையும் ஐந்து அம்பியராகக் குறைத்துத் தந்தார். நோயாளியின் முகத்தைப் பார்க்க இதுவரை ரோச் பிடித்தவர்களுக்கு அது பெரிய உதவியாக இருக்கிறது. ஒளி தெறிக்கும் முக்கோணப் பலகைகள் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஹசாட் விளக்கை வண்டி நிற்கும்போது மட்டும் போடுகிறேன். ஓடும்போது போட்டால் திரும்பும் சிக்னல் பின்னால் வருபவருக்குத் தெரியாது. இரவில் புறப்படுவதற்கு முன் 1990க்கு அழைத்து, எங்கே சந்திப்பது என்று பேசிக்கொள்கிறேன். மாடுகளுக்கு ஊர்ப் பெடியளே வழி கண்டார்கள்: ஒருவர் மோட்டார் சைக்கிளில் முன்னால் போய்க் கலைத்துவிடுகிறார்.

விளக்குச் சட்டம் பரணில் கிடக்கிறது. சைரனைக் கிராம அபிவிருத்திச் சங்கம் கேட்டது. பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்து, இம்முறை கடிதம் கைக்கு வந்த பிறகே, சங்கக் கட்டடத்தின் கூரையில் ஒரு பழைய பற்றரியோடு அதைப் பூட்டினோம். குளம் நிரம்பி வான் பாயத் தொடங்கினால் வாய்க்கால் கரையில் இருப்பவர்களை மேட்டுக்குப் போகச் சொல்வதற்காக அது. மாரிக்கு முன் ஒரு சனிக்கிழமை ஒத்திகையாக ஒலிக்கவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் மேட்டுக்குப் போகாமல் நேரே என் படலையடிக்கு வந்து, ஆருக்கு என்ன என்று கேட்டார்கள். பெரியம்மாவின் கையில் அன்றும் அகப்பை இருந்தது.