சென்னை பால்கனில ப்ரொமிலியட்: எல்லாம் அந்த குடுவைத் தண்ணிலதான் இருக்கு

ப்ரொமிலியட்ங்கறது பெரும்பாலும் இலை நடுவுல குடுவை மாதிரி தண்ணி தேக்கி வைக்கற அழகுச்செடி. முதல் தடவையா அதை வாங்கப் போறீங்கன்னா குஸ்மேனியா வேணாம், நியோரெகிலியா வாங்குங்க. ஈசிஆர் ரோட்டோர நர்சரில உள்ள நுழைஞ்சதுமே நடுவுல செவப்பாவோ மஞ்சளாவோ ஒரு கொத்து நிமிர்ந்து நிக்குதே, அதான் குஸ்மேனியா, ரிசப்ஷன் மேடை, ஓட்டல் லாபி, கிரகப்பிரவேச கிஃப்ட்டு எல்லாத்துக்கும் அதைத்தான் எடுப்பாங்க. அழகுதான், இல்லன்னு சொல்லல. ஆனா நம்ம கைக்கு வரும்போதே அது பூத்த செடி. நாம பூன்னு நினைக்கற அந்த செவப்பு உண்மைல பூவைச் சுத்தி இருக்கற கலர் இலை, நிஜப் பூ அதுக்குள்ளேர்ந்து சின்னதா எட்டிப் பாத்துட்டு வாடிடும். அந்த கலர் ரெண்டு மூணு மாசம், நல்லா பாத்துக்கிட்டா இன்னும் கொஞ்சம் நிக்கும், அப்புறம் செடியே பழுத்து காய ஆரம்பிக்கும். உடனே "எனக்கு கை ராசியே இல்ல, எதை வச்சாலும் போயிடுது"ன்னு மனசு விட்டுடறாங்க. உங்க கைல ஒரு குறையும் இல்லங்க. ப்ரொமிலியட்ல பெரும்பாலும் ஒரு செடி ஒரு தடவைதான் பூக்கும், பூத்த தாய்ச்செடி மெதுவா போகும், போறதுக்கு முன்னாடி பக்கத்துல கன்னு விட்டுட்டுதான் போகும். வாழை மாதிரியேதான், குலை தள்ளின மரத்தை வெட்டிட்டு பக்கக் கன்னைப் பாத்துக்கறோம் இல்லையா.

நியோரெகிலியால இந்த ஏமாத்தம் கிடையாது, ஏன்னா அங்க அழகே இலைலதான். பூ இருந்தாலும் இல்லாட்டியும் வருஷம் முழுக்க செவப்பு, பச்சை வெள்ளை கோடு, புள்ளி புள்ளியா ஊதான்னு இருக்கும். குஸ்மேனியா மழைக்காட்டு நிழல்லயே வளர்ந்தது, காத்துல ஈரம் குறைஞ்சா இலை நுனி கருகும். நியோரெகிலியா பெரும்பாலும் பிரேசில் கடற்கரையோரக் காட்டு ஜாதி, வெளிச்சமும் சூடும் அதுக்குப் பழக்கம், நம்ம ஊர் புழுக்கத்துல சந்தோஷமா இருக்கு. "இதெல்லாம் ஊட்டி ஏற்காடு செடி, மெட்ராஸ்ல நிக்காது"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

சொல்லப்போனா இந்தக் குடும்பம் நமக்குப் புதுசே இல்ல, அன்னாசியும் ப்ரொமிலியட்தான். மொத்தம் 3,000-க்கும் மேல வகை இருக்கு, மேற்கு ஆப்பிரிக்கால இருக்கற ஒரே ஒரு வகையைத் தவிர மத்த எல்லாமே அமெரிக்கக் கண்டங்கள்ல பிறந்தது, அன்னாசிய இங்க கொண்டு வந்தது போர்த்துகீசியர்கள். நர்சரில சாம்பல் கலர்ல முடி மாதிரி தொங்கவிட்டு விக்கறாங்களே ஸ்பானிஷ் மாஸ், பேர்ல மாஸ் இருந்தாலும் அதுவும் இந்தக் குடும்பம்தான், அதுக்கு மண்ணும் வேணாம் தொட்டியும் வேணாம்.

சரி, வளர்ப்புக்கு வர்றேன். இதுல ஒண்ணே ஒண்ணை மனசுல வாங்கிக்கிட்டா மிச்சமெல்லாம் தானா வரும். நாம பழகின செடியெல்லாம் வேர்ல குடிக்கும், இதுல வேர் முக்கியமா மரத்தைப் பிடிச்சுக்கத்தான், சாப்பாடு தண்ணி பெரும்பாலும் இலை வழியாத்தான். இலையெல்லாம் அடில ஒண்ணோட ஒண்ணு இறுக்கமா சேர்ந்து நடுவுல ஒரு குடுவை மாதிரி ஆகிடும், அதுல தண்ணி நிக்கும், இலை மேல இருக்கற ரொம்ப பொடிப் பொடியான செதில்கள் அந்தத் தண்ணிய உறிஞ்சும். இந்த செதிலைக் கண்ணால பாக்கணும்னா ஏக்மியா ஃபேசியேட்டான்னு ஒண்ணு இருக்கு, இலைல விபூதி பட்டை போட்ட மாதிரி குறுக்குக் கோடு இருக்கும், விரலால ஒரு இழுப்பு இழுத்தீங்கன்னா அந்த வெள்ளை கைல ஒட்டிக்கிட்டு இலைல பச்சைத் தடம் விழும், விழுந்தது திரும்ப வராது. அதனால வீட்ல வேலை செய்யற அக்கா தூசி தட்டறேன்னு ஈரத்துணியால தொடைக்கறதுக்கு முன்னாடி சொல்லி வச்சுடுங்க. வேப்பெண்ணெய் ஸ்ப்ரேயும் இதுக்கு வேணாம், எண்ணெய் படிஞ்சா செதில் அடைச்சுக்கும்.

அப்போ கேள்வியே என்ன தண்ணிங்கறதுதான், சென்னைல இந்தக் கேள்வி சாதாரணமானது இல்ல. நான் இருக்கறது நங்கநல்லூர்ல, எங்க அபார்ட்மென்ட்ல போர் தண்ணிதான், பக்கெட்டு காஞ்சா ஓரத்துல வெள்ளையா வளையம் கட்டும். அதே உப்பு குடுவைலயும் கட்டும், வெயிலுக்கு தண்ணி ஆவியாக ஆவியாக உப்பு மட்டும் கூடிக்கிட்டே போகும், கடைசில இலை நுனியும் ஓரமும் பழுப்பாகி கருகும். நிறைய பேர் இதைப் பாத்து தண்ணி பத்தலன்னு அதே தண்ணிய இன்னும் ஊத்துவாங்க. மழைத்தண்ணிதான் இதுக்கு அமிர்தம். ஐப்பசி கார்த்திகை மழைல மொட்டைமாடில டிரம்மை வச்சு பிடிச்சு, வலை கட்டி மூடி வச்சா தை மாசி வரைக்கும் ஓட்டலாம். மெட்ரோ வாட்டர் வர்ற வீடுன்னா ஒரு ராத்திரி திறந்த பக்கெட்டுல வச்சு ஊத்துங்க, பெரும்பாலும் போர் தண்ணிய விட எவ்வளவோ மேல். ஆர்ஓ தண்ணி ரொம்ப நல்லது, ஆனா ஆர்ஓல கழிவா வெளிய வர்ற தண்ணி வேணவே வேணாம், வடிகட்டின உப்பு பூரா அதுலதான் இருக்கு. வேற வழியில்லாம போர் தண்ணிதான்னா மாசம் ஒரு தடவையாவது நல்ல தண்ணியால குடுவைய வழிய வழிய அலசி விடுங்க.

இப்போ கொசு. குடுவைல தண்ணி நின்னா கொசு வராதான்னு எல்லாரும் கேக்கறாங்க, வரும், டெங்கு கொசுவுக்கு இப்படி சின்னதா சுத்தமா நிக்கற தண்ணின்னா கொண்டாட்டம். கார்ப்பரேஷன்லேர்ந்து வீடு வீடா கொசுப்புழு பாக்க வர்ற அக்கா ஒருத்தங்க ஃப்ரிட்ஜ் பின்னாடி தட்டு, பழைய டயர், பூந்தொட்டி தட்டு எல்லாம் பாத்துட்டு பால்கனிக்கு வந்து என் நியோரெகிலியா முன்னாடி நின்னுட்டாங்க.

"இன்னாம்மா இது, செடிக்குள்ளயே தண்ணி நிக்குது? கொட்டிடும்மா."

"கொட்டிட்டா செடி காஞ்சுடும்க்கா, நாலு நாளைக்கு ஒருவாட்டி மாத்திடறேன்."

டார்ச் அடிச்சு ஒவ்வொரு இலை இடுக்கா குனிஞ்சு பாத்தாங்க. "மாத்தினா மட்டும் பத்தாதும்மா. முட்டை தண்ணில மிதக்காது, ஓரத்துல ஒட்டிக்கினு இருக்கும், காஞ்சாலும் சாவாது. வேகமா தண்ணி அடிச்சு கழுவி விடு."

எவ்வளவு கரெக்டான பேச்சு அது. ஏடிஸ்ங்கற அந்த டெங்கு கொசுவோட முட்டை தண்ணி மட்டத்துக்கு கொஞ்சம் மேல ஒட்டிக்கிட்டு மாசக்கணக்கா காஞ்சு கிடந்தாலும் திரும்ப தண்ணி பட்டதும் பொரிக்கும், நம்ம சூட்டுல முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால நாலஞ்சு நாளைக்கு ஒருவாட்டி தொட்டியோட சாய்ச்சு பழைய தண்ணிய வேற தொட்டி மண்ல கொட்டிட்டு, டியூப்லேர்ந்து வேகமா அடிச்சு இடுக்கெல்லாம் அலசிட்டு புதுசு ஊத்தணும், குடுவைல கால்வாசி நின்னா போதும், ததும்ப ததும்ப தேவையில்ல. ஊருக்குப் போறீங்கன்னா முழுசா கொட்டிட்டு மண்ணை மட்டும் நனைச்சு நிழல்ல வச்சுட்டுப் போங்க, ஒரு வாரம் பத்து நாள் தாங்கும். பெரிய கலெக்‌ஷன் வச்சிருக்கறவங்களுக்கு பிடிஐன்னு ஒரு பாக்டீரியா மருந்து இருக்கு, 1976-ல இஸ்ரேல் பாலைவனத்துல கண்டுபிடிச்சது, கொசுப்புழுவைக் கொல்லும், செடிக்கும் நமக்கும் தொந்தரவு இல்ல. மண்ணெண்ணெய், எண்ணெய் எதையும் குடுவைல விட்டுடாதீங்க.

அதோட சொந்தக் காட்டுல இந்த குடுவைத் தண்ணி கொசுவுக்கு மட்டும் இல்ல, அதுல ஒரு ஊரே குடியிருக்கும். மத்திய அமெரிக்கால விஷத்தவளை ஒண்ணு தலைப்பிரட்டைய முதுகுல தூக்கிட்டு வந்து இதுக்குள்ள விட்டு வளர்க்கும். ஜமைக்கால ஒரு நண்டு இருக்கு, தாய் நண்டு குஞ்சு இருக்கற குடுவைல விழுந்த இலைய எடுத்து வெளிய போடும், நத்தை ஓட்டைத் தூக்கிட்டு வந்து உள்ள போடும், ஓட்டுலேர்ந்து சுண்ணாம்புச்சத்து கரைஞ்சு தண்ணி குஞ்சுக்கு ஏத்த மாதிரி மாறிடும். ஒரு நண்டு குடுவைத் தண்ணிக்கு இவ்வளவு மெனக்கெடுது, அதைப் படிச்சதுலேர்ந்து எனக்கு நாலஞ்சு நாளைக்கு ஒருவாட்டி அலசறது வேலையாவே தெரியல.

அடுத்து செம்பு, அதான் காப்பர். இதை நர்சரில யாரும் சொல்றதில்ல, அதனால அழுத்தியே சொல்றேன். ப்ரொமிலியட்டுக்கு செம்பு விஷம். டிரினிடாட்ல கோகோ தோட்டத்து நிழல் மரங்கள் மேல வளர்ந்த ப்ரொமிலியட் குடுவைகள்ல மலேரியா கொசு பெருகினப்போ, 1940-கள்ல அங்க காப்பர் சல்ஃபேட் கரைசலைத் தெளிச்சுத்தான் அந்த செடிகளை அழிச்சாங்க. அந்த அளவுக்கு ஆகாது. நம்ம மாடித்தோட்டத்துல இலைல புள்ளி வந்தாலே காப்பர் ஆக்ஸிகுளோரைடு, போர்டோ கலவைன்னு செம்பு கலந்த பூஞ்சாண மருந்து அடிக்கறது வழக்கம், பக்கத்து ரோஜாவுக்கு அடிக்கும்போது இதைத் தள்ளி வச்சுடுங்க. குடிக்கறதுக்காக செம்புப் பாத்திரத்துல ராத்திரி ஊத்தி வைக்கற தண்ணில மிஞ்சினதையும் இதுக்கு ஊத்தாதீங்க. ஏசித் தண்ணிய நிறைய பேர் சிபாரிசு பண்றாங்க, உப்பில்லாத தண்ணிதான், ஆனா உள்ள காயில் செம்பா இருக்கலாம்ங்கறதால நான் அதை மணி பிளான்ட்டுக்குத்தான் விடுவேன்.

மண்ணு விஷயம் சுருக்கமா முடிச்சுடறேன். செம்மண் வேணாம், தேங்காய் மட்டைத் துண்டு, உடைச்ச அடுப்புக்கரி, அலசி உப்பு எடுத்த கோகோபீட் கொஞ்சம், சின்னத் தொட்டி, அவ்வளவுதான். உரம் ரொம்ப ரொம்ப கம்மி. நைட்ரஜன் ஏறினா நியோரெகிலியா செவப்பை விட்டுட்டு பச்சையா நீளமா போயிடும். பஞ்சகவ்யம், மீன் அமிலம், அரிசி கழுவின தண்ணி எதுவா இருந்தாலும் குடுவைக்குள்ள வேணாம், அழுகி நாத்தம் எடுக்கும்.

வெளிச்சம்தான் கலர். கிழக்கு பால்கனின்னா யோகம், காலை வெயில் ஒம்போது ஒம்போதரை வரைக்கும் பட்டா போதும். ஃபயர்பால்னு ஒரு சின்ன நியோரெகிலியா இருக்கு, நிழல்ல வச்சா சாதா பச்சை, வெளிச்சத்துல கொண்டு வந்து வச்சா சில வாரத்துல ரத்தச் செவப்பு. மேற்குப் பக்கம்னா 50 சதவீத நிழல்வலை கட்டாயம், கத்திரி வெயில்ல இலை நடுவுல வெளுத்த திட்டு விழுந்துடுச்சுன்னா அது மாறவே மாறாது. அந்த மே மாசம் மட்டும் எல்லாத்தையும் ஒரு அடி உள்ள தள்ளிடுங்க, மதியம் குடுவைல பச்சைத்தண்ணி ஊத்தாம சாயங்காலம் ஊத்துங்க, சூடான குடுவைத் தண்ணிலதான் அழுகலே ஆரம்பிக்கும்.

நியோரெகிலியா பூக்கறதை நிறைய பேர் கவனிக்கறதே இல்ல. தண்டெல்லாம் எழும்பாது. ஒரு நாள் நடு இலைகள் மட்டும் திடீர்னு அடர்ந்த செவப்பா மாற ஆரம்பிக்கும், அப்போ மேலேர்ந்து குனிஞ்சு பாருங்க, தண்ணி மட்டத்துக்கு சரியா மேல குண்டூசித் தலை வச்ச மாதிரி மொட்டுக் கூட்டம், அதுலேர்ந்து தினம் ரெண்டு மூணா ஊதாப்பூ, மூணு இதழ், காலைல விரிஞ்சு சாயங்காலத்துக்குள்ள சுருங்கிடும். அந்த சமயத்துல தண்ணிய கொஞ்சம் கம்மியா வச்சு, உதிர்ந்த பூவை இடுக்கியால எடுத்துடணும்.

பூ முடிஞ்சதும் அடிலேர்ந்து கன்னு வரும். இங்கதான் பொறுமை வேணும். கன்னு தாய்ல பாதி உசரம் வர்ற வரைக்கும் தொடாதீங்க, தாய் பழுக்குதேன்னு அசிங்கமா தெரிஞ்சாலும் இருக்கட்டும், கன்னுக்கு சத்து அங்கேர்ந்துதான் போகுது. பாதி வந்ததும் சுத்தமான கத்தியால தாயை ஒட்டி வெட்டி, ஒரு நாள் நிழல்ல காயவிட்டு நட்டு, ஆடாம ஒரு குச்சி கட்டுங்க. இலை ஓரத்துல முள்ளு இருக்கும், க்ளவுஸ் போட்டுக்கோங்க. குஸ்மேனியா வாங்கிட்டவங்களும் இதையே பண்ணலாம், தூக்கிப் போட்டுடாதீங்க, அதுல கன்னு தாயோட நடுவுலயே நெருக்கமா வரும், பிரிக்காம விட்டுட்டு காஞ்ச தாய் இலைய மட்டும் கழிச்சு விடுங்க.

கன்னு நல்லா முழுசா வளர்ந்தும் பூக்கலன்னா ஆப்பிள் வைத்தியம் இருக்கு. பழுத்த ஆப்பிள்லேர்ந்து வர்ற எத்திலீன் வாயு இந்தக் குடும்பத்துக்கே பூக்க உத்தரவு மாதிரி, அன்னாசி விவசாயிங்க எத்திலீனை வெளிய விடற எத்திஃபான் மருந்தை ஊத்தி தோட்டம் பூராவும் ஒரே சமயத்துல காய்க்க வைக்கறது இதே கணக்குலதான். குடுவைத் தண்ணிய கொட்டிட்டு, தொட்டியோட பெரிய பிளாஸ்டிக் கவர்ல நல்லா பழுத்த ஆப்பிளையும் வச்சு கட்டி, வெயில் படாத இடத்துல ஒரு வாரம் விடுங்க, வகையைப் பொறுத்து ஒரு மாசத்துலேர்ந்து மூணு மாசத்துக்குள்ள பூ தெரியும். சின்னக் கன்னுக்கு இதைப் பண்ணாதீங்க.

டிசம்பர் மழைக்கு ஒரே வேலைதான். புயல் எச்சரிக்கை வந்தா இந்தத் தொட்டிகளைத் தரைல இறக்கி சுவத்தோட ஒட்டி வைங்க, மட்டையும் கரியும் போட்ட தொட்டிக்கு கனமே இருக்காது, தலைகனத்து சாயும். மழை விட்ட மறுநாள் எல்லா குடுவையும் ஒரு தடவை சாய்ச்சு கொட்டிட்டு, டிரம்ல பிடிச்ச புது மழைத்தண்ணிய ஊத்துங்க. அடில தட்டு வச்சிருந்தா அதையும் கொட்டிடுங்க.