வாத்துக்கு ஒரு வேலை

அக்டோபர் 13, 2024, ஞாயிறு

நேற்று விஜயதசமி. ஊருக்குப் பக்கத்தில் ஒரு நர்சரியில் என் மகள் அம்முவுக்கு இடம் கேட்டுப் போயிருந்தேன். ஜனவரியில் கொண்டு வந்து விடுங்கள் என்றார்கள். ஒரே நிபந்தனை, டயபர் கூடாது. வந்தால் வருகிறது என்று பிள்ளைக்குச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அம்முவுக்கு இப்போது இரண்டு வயது ஐந்து மாதம். கையில் இருப்பது இரண்டரை மாதம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவன் மாதிரி காலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன்.

அம்மா சிரித்தார். எங்களையெல்லாம் ஒரு வயதுக்குள் பழக்கிவிட்டாராம். காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்துக்கும் நடுவே பிள்ளையை இருத்தி, ‘ஸ்ஸ்ஸ்’ என்று சத்தம் கொடுத்தால் போதுமாம். “இப்பம் நீங்க பிள்ளைக்கு பஞ்சு மூட்டைய கெட்டி விடுதிய. நனஞ்சா அதுக்கு எப்பிடி மக்கா தெரியும்?”

அதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று என் மனைவி ஷீபாவும் ஒத்துக்கொண்டாள். நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். “வயசைப் பார்க்காதீங்க. ரெண்டு மணி நேரம் நனைக்காம இருக்காளா, ஜட்டியைத் தானே இறக்குறாளா, சொன்னா புரியுதா, அதைப் பாருங்க” என்றாள். ஒன்றரை வயதில் தயாராகிற பிள்ளை உண்டு, மூன்று தாண்டியும் ஆகாத பிள்ளை உண்டு. அம்மு கொஞ்ச நாளாக ரெண்டுக்கு வந்தால் கதவுக்குப் பின்னால் போய், தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நிற்கிறாள். சரி, வருவது தெரிகிறது என்று அர்த்தம்.

அக்டோபர் 15, செவ்வாய்

மார்த்தாண்டம் போய் மஞ்சள் நிறத்தில் வாத்து ஒன்று வாங்கி வந்தேன். பிள்ளைகள் உட்கார்ந்து ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் போகிற வாத்து. 550 ரூபாய். கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும், உள்ளே கழற்றிக் கழுவ ஒரு கிண்ணம்.

அம்முவுக்கு வாத்தைப் பிடித்துவிட்டது. முத்தம் கொடுத்தாள். பொம்மையை உட்கார வைத்தாள். கிண்ணத்தைக் கழற்றித் தலையில் கவிழ்த்துக்கொண்டு “பாட்டா” என்றாள். என் அப்பா தலையில் லைட் கட்டிக்கொண்டு விடியலில் ரப்பர் பால் வெட்டப் போவார், அதைத்தான் நடித்துக் காட்டுகிறாள். அப்புறம் எழுந்து, நாலடி தள்ளி நின்று, தரையில் போனாள்.

இன்றைய கணக்கு: தரையில் ஐந்து, பாயில் ஒன்று, வாத்தில் பூஜ்யம்.

அக்டோபர் 18, வெள்ளி

மழை விடவே இல்லை. ஒரு நாளைக்கு எட்டு ஜட்டி, எதுவும் காயவில்லை. நல்ல வேளை, டயபரை விடுவதற்கு ஐப்பசியைத் தேர்ந்தெடுத்த அறிவாளி யார் என்று ஷீபா கேட்கவில்லை.

அப்பாதான் வழி கண்டுபிடித்தார். ரப்பர் பாலை உறைய வைத்து அடித்த ஷீட்டுக்குப் புகை போடுகிற அறையில், ரப்பர் ஷீட் தொங்குகிற கம்புக்கு ஓரத்திலேயே இவளுடைய ஜட்டிகளையும் வரிசையாகப் போட்டுவிட்டார். மாலைக்குள் காய்ந்தது. ஆனால் இப்போது அம்மு பக்கத்தில் வந்தாலே புகையும் புளித்த பாலும் கலந்த ஷீட் வாடை. முயல் படம் போட்ட ஜட்டி பழுப்பேறிப் போயிற்று.

எங்கள் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் ஷீட் இரண்டு வகை. ஒன்று கடையில் எடைக்குப் போடுவது. இன்னொன்று பிள்ளை படுக்கையில் விரிப்பது. இரண்டாவதற்கும் கிலோ கணக்கில் யாராவது விலை கொடுத்தால் இந்த மாதம் நான் பணக்காரன்.

அக்டோபர் 21, திங்கள்

இந்த வாரம் ஷீபாவுக்கு நைட் டியூட்டி. உறங்க வைப்பது என் பொறுப்பு.

எட்டரைக்கு விளக்கை அணைத்தேன். தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். வேறு டம்ளரில் கேட்டாள். யானைக் கதை. அதே யானைக் கதை. சுவரில் இருக்கிற பல்லிக்கு டாட்டா சொல்ல வேண்டும், பல்லி டியூப்லைட் பின்னால் போய்விட்டதால் அது வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டும். போர்வை வேண்டாம். போர்வை வேண்டும். பாட்டாவிடம் போக வேண்டும். பாட்டா ஏழரைக்கே உறங்கிவிட்டார், மூன்றரைக்கு எழ வேண்டியவர். மணி பத்தரை ஆனபோது எனக்குத்தான் கண் சொக்கியது, அவள் என் மூக்குக்குள் விரல் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தே முக்காலுக்குத் தோற்றுப்போய் போனைக் கொடுத்தேன். பதினொன்றே காலுக்கு உறங்கினாள். காலையில் டியூட்டி முடிந்து வந்த ஷீபாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே சொன்னதை, சீருடையைக்கூட மாற்றாமல் எடுத்துச் சொன்னாள். படுக்கையில் கொடுப்பது அதைவிட மோசமாம், போன் வெளிச்சமே உறக்கத்தைத் தள்ளிப்போடுமாம்.

அக்டோபர் 24, வியாழன்

எழுத மனம் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

இரவு ஒன்பது மணி. அப்போதுதான் மாற்றிய மூன்றாவது விரிப்பு. “மூச்சா வருதா” என்று கேட்டு, இல்லை என்று தலையாட்டி, அடுத்த நிமிடம் விரிப்பின் நடுவில் நின்று போனாள். கத்திவிட்டேன். என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை, சத்தம்தான் நினைவிருக்கிறது. பக்கத்து அறையில் அப்பா எழுந்து உட்கார்ந்த கட்டில் சத்தமும் கேட்டது.

அம்மு அழவில்லை. ஈரத்தை மிதிக்காமல் ஓரமாக வந்து, தன் பாவாடை நுனியால் பாயைத் துடைக்கத் தொடங்கினாள்.

அம்மா வந்து தூக்கிக்கொண்டு போனார். போகும்போது என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 27, ஞாயிறு

மூன்று நாளாக ரெண்டுக்கு வரவில்லை. வந்தால் கால்களைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க அடக்குகிறாள். வாத்தைப் பார்த்தால் ஓடுகிறாள்.

டாக்டரிடம் காட்டினோம். அடக்குவது, அடக்கினால் இறுகுவது, இறுகியது வலிப்பது, வலித்ததால் மறுபடி அடக்குவது, இது ஒரு சக்கரம் என்றார். பாலைக் குறைக்கவும், தண்ணீரும் பழமும் கூட்டவும் சொன்னார். கொஞ்ச நாளைக்கு இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதாம். இரவில் நனைப்பதற்கும் பகலில் பழகுவதற்கும் சம்பந்தம் இல்லை, அது உடம்பு தானாக முதிர வேண்டிய விஷயம், ஐந்து வயது வரைக்கும் கவலைப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். அப்படியானால் வியாழக்கிழமை இரவு நான் எதற்குக் கத்தினேன்?

பாலைக் குறைப்பது பெரிய விஷயம். அம்மு பாலை டீ என்றுதான் சொல்வாள். பாட்டா டீ குடிக்கும்போது கூட உட்கார்ந்து, அதே மாதிரி சில்வர் டம்ளரில், அதே மாதிரி ஆற்றிக் குடிப்பாள். நாலு வேளை டீ இரண்டு வேளையானதில் அப்பாவுக்கும் டீ பாதியாயிற்று. பழத்துக்கு அம்மா இரண்டு கட்சி. பிள்ளைக்கு மட்டிப்பழம்தான் ஆகும் என்பது பொது விதி (போன வருடம் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அதன் விலையும் அம்மாவின் பேச்சும் ஏறிவிட்டது). ஆனால் வயிறு இளக வேண்டுமென்றால் பாளையங்கோட்டான். காலை ஒன்று, மாலை ஒன்று. ஏத்தங்காய்ப் பொடியை அலமாரியின் மேல் தட்டுக்கு ஏற்றியாயிற்று.

இரவு அம்முவிடம், அப்பா அன்றைக்குக் கத்தினது தப்பு என்றேன். “பல்லி போச்சு” என்றாள்.

நவம்பர் 3, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

இரண்டு நாளாக மழை இல்லை. அப்பா விடியலில் வெட்டிவிட்டு வந்து, எட்டு மணிக்குப் பால் எடுக்க வாளியோடு கிளம்பினார். மழை பெய்தால் பட்டை நனைந்து பால் சிரட்டைக்கு வராமல் வழிந்து போய்விடும் என்பதால் போன வாரம் முழுக்க வேலை இல்லை, அந்த ஏக்கமோ என்னவோ, அம்முவையும் தோளில் தூக்கிக்கொண்டார். நான் பின்னால் போனேன்.

சாய்வாகக் கீறிய கோடு, அதன் முடிவில் தகரச் சில்லு, அதிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சிரட்டையில் விழுகிற பால். வெயில் ஏறுவதற்குள் நின்றுவிடும். அம்மு கீழே இறங்கி, சிரட்டைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, முழங்காலில் தாடையை வைத்துப் பார்த்தாள். ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

“என்னது பாட்டா?”

“மரம் பால் விடுது மக்களே.”

“வலிக்கா?”

அப்பா வாளியைக் கீழே வைத்தார். நாற்பது வருடம் வெட்டியவரிடம் இதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். “பைய வெட்டினா வலிக்காது. ஆழமா வெட்டினாத்தான் மரத்துக்கு வலி” என்றார். உண்மைதான், கத்தி கட்டையில் பட்டால் அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாகத்தான் வளரும்.

அம்மு கொஞ்ச நேரம் யோசித்தாள். எழுந்து, ஜட்டியை இறக்கி, மரத்தின் மூட்டில் மறுபடி குந்தினாள். சத்தம் கேட்டது. சருகில் விழுகிற சத்தம்.

“அம்மு பால் விடுது” என்றாள்.

அப்பா சிரிக்காமல், “கொள்ளாம் மக்களே, நல்ல மரம்” என்றார். நான் திரும்பி நின்றுகொண்டேன்.

அடுத்த மரத்துக்கும் போக வேண்டும் என்றாள். அங்கே ஒன்றும் வரவில்லை. “நாளைக்கு வரும், ஒண்ணுவிட்டு ஒருநாள்தான் வெட்டணும்” என்று தேற்றினார் பாட்டா.

நவம்பர் 10, ஞாயிறு

ரெண்டுக்கும் மரத்தடிதான். வெட்டுக்கத்தி மாதிரி ஒரு குச்சி, வரிசையில் மூன்றாவது மரம், பக்கத்தில் மண்வெட்டியோடு பாட்டி. மண் போட்டு மூடுவதில்தான் பிள்ளைக்கு முழு சந்தோஷம். குந்தி இருந்தால் முக்க வேண்டாம் என்று டாக்டரும் சொன்னார்தான், ஆனால் அவர் ரப்பர் தோட்டத்தை மனதில் வைத்துச் சொல்லவில்லை.

வீட்டுக்குள் கக்கூஸில் போக வைக்க ஒரு தந்திரம் செய்தேன். ஒரு சிரட்டையைக் கழுவி, பீங்கானுக்குப் பக்கத்தில் வைத்தேன். மரம் இல்லையே என்றாள். ரப்பர் இலை மூன்றைச் சுவரில் ஒட்டினேன். ஏற்றுக்கொண்டாள். என் கடையில் அடித்த ஸ்டிக்கர் அட்டவணை, நட்சத்திரம் போட்டு, தேதி போட்டு, லேமினேட் செய்தது, அதை அவள் இன்றுவரை திரும்பிப் பார்க்கவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

உறக்கத்தின் முடிச்சு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். மதியம் அம்மா சேலைத் தொட்டிலில் போட்டு, இரண்டு தாராட்டு பாடினால் இரண்டு மணிக்கு உறங்குகிறாள். அது சரி. எழுவது ஐந்தரைக்கு! பகல் உறக்கமும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 மணி நேரமாவது வேண்டும் என்கிறாள் ஷீபா, ஆனால் அதில் மூன்றரை மணி நேரத்தைப் பகலிலேயே தீர்த்துவிட்டால் இரவு எட்டரைக்கு எப்படி வரும்?

மூன்றரைக்கு எழுப்பலாம் என்றேன். “ஒறங்குத பிள்ளைய எழுப்பப்பிடாது” என்றார் அம்மா. இது விவாதத்துக்கு உரிய விஷயம் அல்ல. நானே முப்பத்து நான்கு வயதிலும் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சட்டத்தின் பலனை அனுபவிக்கிறேன்.

ஆனால் பாட்டாவின் மெஷின் எழுப்பினால் அது எழுப்பியதாகாது. காலையில் ஆசிட் ஊற்றி உறைய வைத்த பாலை அப்பா மூன்றரைக்குத்தான் ரோலரில் விட்டு ஷீட் அடிப்பார். இப்போது தொட்டிலுக்கு நேரே உள்ள ஜன்னலைத் திறந்து வைக்கிறோம். கடகட என்ற சத்தம் வந்ததும் தொட்டிலில் இருந்து ஒரு கால் வெளியே வருகிறது. கட்டியாக உள்ளே போனது வரி வரியாகத் தட்டையாக வெளியே வருவதைப் பார்க்க ஓடுகிறாள்.

ரோலரில் விரல் போய்விடும் என்று எனக்குப் பயம். ஆசிட் புட்டியைப் பரணில் ஏற்றிவிட்டோம், ரோலரை எங்கே ஏற்றுவது? அப்பா எட்டடி தள்ளித் தரையில் கரியால் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் வாத்தைக் கொண்டு வைத்தார். “அது அம்முக்க கசேர. எந்திரிச்சா மெஷின் நின்னு போவும்.”

நிஜமாகவே நிறுத்துகிறார். ஜட்டியோடு, வாத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

இரவு எட்டு ஐம்பதுக்கு உறங்கிவிட்டாள். பல்லிக்கு டாட்டா ஒரு தடவைதான்.

டிசம்பர் 8, ஞாயிறு

திற்பரப்பு அருவிக்குப் போனோம். தண்ணீர் நிறைய. பாலம் தாண்டுவதற்குள்ளேயே “பால், பால்” என்று என் சட்டையை இழுத்தாள். அம்மாவின் ‘ஸ்ஸ்ஸ்’தான், அருவி அளவுக்கு. பக்கத்தில் நின்ற ஒரு அக்கா பரிதாபப்பட்டு, பையிலிருந்து பால் புட்டியை எடுத்து நீட்டினார். விளக்க நேரம் இல்லை. நன்றி சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கழிப்பறைக்கு ஓடினேன்.

இரவில் இப்போதும் நனைகிறது. வாரத்தில் மூன்று நாள், நாலு நாள். ஷீட் படுக்கையில்தான் இருக்கிறது.

ஜனவரி 6, 2025, திங்கள்

நர்சரி. டீச்சர் ஒரு நோட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் வைத்திருக்கிறார்.

“ஒண்ணுக்கு வந்தா எப்படிச் சொல்வா?”

“பால்னு சொல்வா.”

பேனா நின்றது. நான் ரப்பர் மரத்திலிருந்து தொடங்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். டீச்சர் எழுதிக்கொண்டார்: பால் - ஒண்ணுக்கு.

“ரெண்டுக்கு?”

“அதுக்கும் பால்தான். ஆனா மண்வெட்டி கேட்பா.”

அதையும் எழுதினார். “அப்போ நிஜமாவே பால் வேணும்னா?”

“டீ.”