நீள மணி

"ஓடுங்கோ" என்று யாரோ கத்தியபோது மான் உள்ளே வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். திருகோணமலை நகரத்துக்குள் மான்கள் வீதியில் நிற்கும், குப்பை கிளறும், கேற் திறந்திருந்தால் பள்ளிக்கூட வளவுக்குள்ளும் வரும். அதற்கெல்லாம் நாங்கள் பாடத்தை நிறுத்துவதில்லை. தரம் 7க்குப் பின்னங்களில் பகுதியெண்ணைச் சமப்படுத்திக் காட்டிக்கொண்டிருந்தேன்.

மான் இல்லை. இரண்டு நாளாக விடாமல் வீசிய கச்சான் காற்றில் வாகை மரக் கொப்பு ஒன்று முறிந்து, மேலே தொங்கிய குளவிக்கூட்டை உரசிக்கொண்டு விழுந்திருக்கிறது.

எங்களுடையது அரைச்சுவர்க் கட்டடம். காற்றோட்டத்துக்கு அதைப்போல வராது, ஆனால் ஆபத்துக்குச் சாத்த ஒரு கதவும் இல்லை. இதற்கிடையில் காவலாளி நல்லெண்ணத்தில் மணியை நீளமாக அடித்துவிட்டார். நீள மணி என்றால் பிள்ளைகளுக்கு ஒரே அர்த்தம்தான். பக்கத்து வகுப்பு பையைத் தூக்கிக்கொண்டு கேற்றுக்குப் புறப்பட்டது. கேற்றுக்குப் போகும் வழியில்தான் அந்த மரம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வேறு மாதிரி அடிக்க நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லி வைத்திருக்கவில்லை.

கண்ணாடி யன்னல் உள்ள ஒரே அறை கணினி அறை. "பையைத் தலையில் வையுங்கோ, கையை வீசாதேங்கோ" என்று கத்திக்கொண்டு, முந்தானையால் தலையை மூடியபடி விறாந்தையால் கூட்டிப்போனேன். எதிரே ஓடிவந்த பக்கத்து வகுப்புப் பிள்ளைகளையும் உள்ளே இழுத்துப் போட்டேன். கதவைச் சாத்திய பிறகும் இரைச்சல் நிற்கவில்லை. ஒரு பிள்ளையின் இரட்டைப் பின்னலுக்குள் ஒன்று சிக்கிக் கிடந்தது. ரிப்பனை அவிழ்த்து, பின்னலைப் பிரித்து, கொப்பி மட்டையால் தட்டிவிடும்வரை அவள் அழவேயில்லை. விழுந்ததைக் கண்ட பிறகுதான் அழுதாள்.

அப்புறம்தான் எண்ணினேன். இடாப்பு மேசையிலேயே கிடந்தது, ஆனால் காலையில் வந்தவர்கள் 31 பேர் என்பது நினைவில் இருந்தது. அறைக்குள் என் வகுப்புப் பிள்ளைகள் 29. திரும்ப எண்ணினாலும் 29. அந்தப் பத்து நிமிடத்தை இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. ஒருத்தி மலசலகூடத்துக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள், என்னைவிடக் கெட்டிக்காரி. மற்றவன் தரம் 9இல் படிக்கும் அண்ணனின் மேசைக்குக் கீழே.

கொட்டிய இடங்களில் கொடுக்கு அப்படியே நின்றது. பிள்ளைகளின் அடிமட்ட விளிம்பால் சுரண்டிச் சுரண்டி எடுத்தோம். கொடுக்கோடு வரும் நச்சுப்பை பிய்ந்த பிறகும் நஞ்சை இறக்கிக்கொண்டிருக்கும், எதால் எடுக்கிறோம் என்பதைவிடச் சுணங்காமல் எடுப்பதுதான் முக்கியம் என்றார் விஞ்ஞான சேர். ஒன்றை அடித்துக் கொன்றால் அதிலிருந்து வாழைப்பழம் மாதிரி ஒரு வாசனை கிளம்பி மற்றவற்றையும் கூப்பிடுமாம். பக்கத்து வகுப்புப் பொடியன் ஒருவனுக்கு உதடு வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கியதும் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்தோம். அவனுடைய வகுப்பாசிரியர் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனார். இரவு அங்கேயே வைத்திருந்து அடுத்த நாள் வீட்டுக்கு விட்டார்கள்.

பெற்றோரைச் சமாளித்ததுதான் பெரும்பாடு. "பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் போய்விட்டது. கேற்றைத் திற என்று ஒரே சத்தம். திறந்தால் அவர்களும் மரத்தடிக்குத்தான் வருவார்கள். கடைசியில் பின்பக்கக் கேற்றில் ஒரு வாங்கைப் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராக அனுப்பினோம். முடிய இரண்டு மணியாகிவிட்டது.

பின்னேரம் அதிபர் சம்பவத்திரட்டுப் புத்தகத்தை என்னிடம் தந்தார். "குளவி கலைந்தது" என்று எழுதினேன். விஞ்ஞான சேர் எட்டிப் பார்த்து, குளவி கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது, இது பெருந்தேனீ, திருத்துங்கோ என்றார். வெட்டி எழுதினேன். கீழே, ஆபத்துக்கு இனி மூன்று குட்டை மணி என்றும் சேர்த்துவிட்டு, காவலாளியைக் கூப்பிட்டு ஒருமுறை அடித்துக் காட்டச் சொன்னேன்.